மனப்பாடமாக இருக்கிறது, ‘ஆராய்க’ என்றால் எழுத வரவில்லை: சிந்தனை நிலைகளை வைத்துப் படிப்பது எப்படி?

கமலாலயக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தவள். பகலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை, மாலையில் கிளை நூலகத்தில் குரூப் 1 தேர்வுக்கான படிப்பு என்று மூன்றாவது ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. முதல்நிலைத் தேர்வின் 200 கொள்குறி வினாக்கள் எனக்குப் பெரிய தடையாக இருந்ததில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களைப் பலமுறை படித்து, முக்கிய வரிகளுக்கு அடிக்கோடிட்டு, ஆண்டுகளையும் சட்டப்பிரிவுகளையும் தனி நோட்டில் எழுதி ஒப்பித்துப் பழகியிருக்கிறேன். ஆனால் முதன்மைத் தேர்வில் தேறவில்லை.

எங்கே தவறுகிறேன் என்பது அண்மையில் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில்தான் தெரிந்தது. ‘சட்டப்பிரிவு 356 இந்தியக் கூட்டாட்சி முறையைப் பலவீனப்படுத்துகிறதா? ஆராய்க’ என்று கேட்டிருந்தார்கள். மாநிலங்களில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் அந்தப் பிரிவு என்ன சொல்கிறது, நாடாளுமன்ற ஒப்புதலுக்கான கால வரம்பு எவ்வளவு, எஸ்.ஆர். பொம்மை வழக்கின் ஆண்டு, நீதிபதிகளின் எண்ணிக்கை, சர்க்காரியா ஆணையம் என்று தெரிந்த அனைத்தையும் மூன்று பக்கங்களுக்கு எழுதினேன். 15-க்கு 5 மதிப்பெண் கிடைத்தது. ‘தகவல்கள் சரி. கேட்ட கேள்விக்கு விடை எங்கே?’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். அந்தத் தாளை இன்னும் மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

இதைப் பற்றித் தேடியபோது, நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உருவாக்கல் என்று சிந்தனையை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ப்ளூம் என்பவரின் வகைப்பாட்டைப் பார்த்தேன். நான் முதல் படியிலேயே நின்றுவிட்டேன் என்று தோன்றுகிறது. எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முழுப் பாடத்திட்டத்தையும் மனப்பாடம் செய்து முடித்த பிறகுதான் மேல்நிலைகளுக்குப் போக வேண்டுமா? ஒரு தலைப்பை இந்த நிலைகளின்படி படிப்பது என்றால், நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு உண்மையில் என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாடி வாசகசாலை

சகோதரிக்கு வணக்கம். முதன்மைத் தேர்வை மூன்று முறை எழுதி, மூன்றாவது முறை தேர்ச்சி பெற்று, இப்போது அரசுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுடைய அந்த 15-க்கு 5 எனக்கு நன்கு பழக்கமான மதிப்பெண். கேள்வி எதுவாக இருந்தாலும் அந்தத் தலைப்பில் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வருவதுதான் முதல் இரண்டு முயற்சிகளிலும் நான் செய்தது.

உங்கள் முதல் ஐயத்திற்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஆறு நிலைகளை ஆறு மாதங்களாகப் பங்கிட்டு, முதல் மாதம் மனப்பாடம், கடைசி மாதம் மதிப்பீடு என்று வைத்துக்கொண்டால் கடைசி மாதம் வரவே வராது. பாடத்திட்டம் அவ்வளவு பெரியது. ஒரே தலைப்பை ஒரே வாரத்துக்குள் ஆறு விதமான கேள்விகளால் துளைப்பதுதான் எனக்குப் பயன்பட்டது. நீங்கள் தடுக்கி விழுந்த 356-ஐயே எடுத்துக்கொள்வோம்.

முதலில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ, ஒரு மாநிலத்தின் ஆட்சியை அரசமைப்புச் சட்டத்தின்படி நடத்த இயலாத நிலை ஏற்பட்டுள்ளது என்று குடியரசுத் தலைவர் கருதினால் பிரகடனம் வெளியிடலாம். இரண்டு மாதங்களுக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். ஒரு முறைக்கு ஆறு மாதங்கள், அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு ஓராண்டைத் தாண்டி நீட்டிக்கத் தனி நிபந்தனைகள் உண்டு. இவ்வளவும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. விடுபட்டதை மட்டும் சிவப்புப் பேனாவால் சேர்த்துவிட்டுத் தாண்டிச் செல்லுங்கள்.

அடுத்து, அரசியல் பாடம் படிக்காத ஒருவருக்கு, அம்மாவுக்கோ தம்பிக்கோ, பாடநூல் சொற்கள் இல்லாமல் இதைச் சொல்லிப் பாருங்கள். ‘நாடாளுமன்றம் ஏன் இரண்டு மாதத்தில் ஒப்புதல் தர வேண்டும்?’ என்று அவர்கள் கேட்டால், ‘சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது’ என்பது விடையாகாது. மத்திய அமைச்சரவையின் முடிவை, மாநிலங்களின் பிரதிநிதிகள் அமர்ந்துள்ள மாநிலங்களவையையும் சேர்த்து, ஒரு பெரிய அவையின் முன் நிறுத்தும் தடுப்பு அது என்று உங்கள் வாயால் வர வேண்டும்.

மூன்றாவதாக, பெயர்களை நீக்கிவிட்ட ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாகப் பத்தொன்பது சட்டமன்ற உறுப்பினர்களின் கடிதங்கள் ஆளுநரிடம் வருகின்றன. அவர்களில் சிலர் பிறகு அதை மறுக்கிறார்கள். அவையைக் கூட்டுங்கள், பெரும்பான்மையை நிரூபிக்கிறேன் என்கிறார் முதலமைச்சர். ஆளுநரோ பெரும்பான்மை போய்விட்டது என்று அறிக்கை அனுப்பிவிடுகிறார். ஆட்சியைக் கலைக்கலாமா? உங்களுக்குத் தெரிந்த விதிகளை மட்டும் வைத்து அரைப் பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, 1989-இல் கர்நாடகத்தில் எஸ்.ஆர். பொம்மையின் ஆட்சி கலைக்கப்பட்டது இப்படித்தான் என்பதையும், பெரும்பான்மையைச் சோதிக்க வேண்டிய இடம் சட்டமன்றமே என்று 1994-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னதையும் எடுத்துப் படியுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தீர்ப்பு ஓர் ஆண்டாகவும் ஒரு எண்ணிக்கையாகவும் மட்டும் நினைவில் இருக்காது.

நான்காவது நிலையில்தான் ‘ஆராய்க’ என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இங்கே சற்றுக் கூடுதலாக நிற்கிறேன். தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி நான்கு முறை வந்துள்ளது: 1976, 1980, 1988, 1991. இந்த நான்கையும் ஒரு தாளில் நான்கு வரிசைகளாக எழுதி, எதிரே மூன்று கட்டங்கள் போடுங்கள். பெரும்பான்மை ஐயத்தில் இருந்ததா? ஆளுநரின் அறிக்கை இருந்ததா? அப்போது மத்தியில் என்ன சூழல்?

நிரப்பும்போதே சில விஷயங்கள் கண்ணில் படும். 1976-இல் நாடு நெருக்கடி நிலையில் இருந்தது, தி.மு.க. அரசுக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மையும் இருந்தது. 1980-இல் மக்களவைத் தேர்தல் முடிவுக்குப் பிறகு ஒன்பது மாநில அரசுகள் ஒன்றாகக் கலைக்கப்பட்டன; எம்.ஜி.ஆர். அரசு அவற்றுள் ஒன்று, அதற்கும் பெரும்பான்மை இருந்தது. 1988-இல் எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி பிளந்து, ஜானகி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது அவையில் பெரும் குழப்பம் நேர்ந்தது. 1991-இல் தி.மு.க. அரசுக்குப் பெரும்பான்மை இருந்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை அனுப்பாத நிலையில், ‘வேறு வகையில்’ என்ற சொற்களின் துணைகொண்டு ஆட்சி கலைக்கப்பட்டது.

இப்போது தாளைப் பாருங்கள். பெரும்பான்மை உண்மையிலேயே கேள்விக்குரியதாக இருந்தது நான்கில் ஒன்றில் மட்டும்தான். அப்படியானால், ‘சட்டமன்றத்தில் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டும்’ என்ற விதி மற்ற மூன்றுக்கும் எந்தப் பாதுகாப்பையும் தந்திருக்காது. அந்த மூன்றுக்கும் தேவைப்பட்டது, பிரகடனத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட செய்திகளை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்ற, அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி. பொம்மை வழக்கைப் பற்றி ஒரே வரியில் ‘பெரும்பான்மையை அவையில்தான் நிரூபிக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டு நகரும் விடைக்கும், இந்தப் பிரிவினையைக் கண்டு எழுதும் விடைக்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்துபவர் முதல் பத்தியிலேயே உணர்ந்துவிடுவார்.

மதிப்பிடலுக்கு இரண்டு அளவுகோல்கள் தயாராகவே உள்ளன. தமிழ்நாடு அரசு 1969-இல் அமைத்த இராஜமன்னார் குழு, இந்தப் பிரிவையே நீக்க வேண்டும் என்றது. மத்திய அரசு 1983-இல் அமைத்த சர்க்காரியா ஆணையம், பிரிவு இருக்கட்டும், வேறு வழியே இல்லாதபோது மிக அரிதாகப் பயன்படுத்துங்கள் என்றது. உங்கள் நான்கு வரிசைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யார் பக்கம் நிற்பீர்கள், ஏன் என்று எழுதுங்கள். உருவாக்கல் என்பது, இதே தலைப்பில் இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியை நீங்களே தயாரித்து அதற்கு விடைச் சட்டகம் போடுவது. அது ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும்.

கரும்பலகை

மேலே உள்ள மறுமொழி மிகச் செம்மையானது. நான் ஆசிரியர் கல்வியியல் கல்லூரி ஒன்றில் பணிபுரிபவள். சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். ஓரிடத்தில் கேள்வி கேட்ட தங்கையின் எண்ணத்தைத் திருத்தவும் விரும்புகிறேன்.

‘முதல் படியிலேயே நின்றுவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படி என்ற இந்த எண்ணமே பலரைத் தடுமாற வைக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பொறுப்பில் இருந்த பெஞ்சமின் ப்ளூமும் அவருடன் சேர்ந்த தேர்வாளர்களும் 1956-இல் வெளியிட்ட இந்த வகைப்பாடு, முதலில் மாணவர் படிக்கும் முறைக்காக எழுந்ததன்று. வெவ்வேறு கல்லூரிகள் தயாரிக்கும் தேர்வு வினாக்களை, எந்த வினா எவ்வகைச் சிந்தனையைக் கேட்கிறது என்று பெயரிட்டு ஒப்பிட்டுக்கொள்வதற்காக எழுந்தது. இன்று எல்லோரும் பார்க்கும் கூம்பு வடிவப் படம் அந்த நூலில் கிடையாது. பிறகு வந்தவர்கள் வரைந்தது. நீங்கள் எழுதிய ஆறு பெயர்களும் 2001-இல் ஆண்டர்சன், க்ராத்வோல் முதலியோர் திருத்தியமைத்த வடிவத்தைச் சேர்ந்தவை. 1957-இல் ப்ளூம் இந்தியாவுக்கே வந்து தேர்வுச் சீர்திருத்தப் பட்டறைகளை நடத்தினார். நம் பி.எட். மாணவர்கள் பாடத்திட்டக் குறிப்பில் ‘அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன்’ என்று நோக்கங்களைப் பிரித்து எழுதுவது அந்த மரபின் தொடர்ச்சி. வினாத்தாள் தயாரிப்பவர் கையில் இருக்கும் அதே கருவியைத்தான் நீங்கள் எடுத்துப் படிப்புக்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அதனால்தான் அது தேர்வுக்கு இவ்வளவு பொருந்துகிறது.

உண்மைச் செய்திகளை முதலில் நன்றாக அடித்தளமிட்டுவிட்டால் மேல்நிலைச் சிந்தனை தானாக வரும் என்ற நம்பிக்கையை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. பூஜா அகர்வால் 2019-இல் வெளியிட்டது அது. செய்திகளை மட்டும் கேட்கும் சிறு தேர்வுகளை எழுதிப் பழகிய மாணவர்கள், பின்னர் செய்திகளைக் கேட்ட தேர்வில் நன்றாகச் செய்தார்கள். பகுத்தாய்ந்து விடையளிக்க வேண்டிய தேர்வில் அந்தப் பழக்கம் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. மேல்நிலை வினாக்களில் பழகியவர்களே மேல்நிலைத் தேர்வில் முன்னேறினார்கள். உங்கள் அனுபவமும் இதுதானே? மூன்று ஆண்டுகள் கொள்குறி வினாக்களில் பழகினீர்கள்; கொள்குறித் தேர்வில் தேறினீர்கள்.

இதனால் நினைவு தாழ்ந்தது என்று யாரும் கொள்ள வேண்டாம். மேலே உள்ள நான்கு வரிசைத் தாளை நிரப்ப அந்த நான்கு ஆண்டுகளும் தலையில் இருந்தாக வேண்டும். ஆனால் நினைவில் நிறுத்தும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். அடிக்கோடிட்டு மீண்டும் மீண்டும் வாசிப்பது, தெரிந்துவிட்டது என்ற உணர்வைத் தருமே தவிர நெடுநாள் நிற்காது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் ஓர் உரைப்பகுதியை ஒரு குழுவினரை இருமுறை படிக்க வைத்தார்கள். மற்றொரு குழுவினரை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள்: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகி, இருமுறை படித்தவர்கள் 42 விழுக்காட்டையும், எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள் என்று முந்தைய நண்பர் முதலிலேயே சொன்னதற்கு அடிப்படை இதுதான்.

நன்னூல் மாணவன்

அனைவருக்கும் வணக்கம். தமிழாசிரியன் என்பதால், இந்த உரையாடலைப் படிக்கையில் நம் இலக்கண நூல் ஒன்று உடனே நினைவுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், மாணாக்கன் ஒரு நூலைப் பயிலும் முறையை வரிசைப்படுத்துகிறது. உலக வழக்கை அறிதல், மூலபாடத்தைப் போற்றி நினைவில் வைத்தல், கேட்டவற்றை மீண்டும் சிந்தித்தல், ஆசிரியரை அடைந்து மறுபடி கேட்டல், தன்னைப் போன்ற மாணாக்கரோடு பழகிப் பயிலல், வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடை தருதல் என்று அது செல்லும். மனப்பாடம் அந்த வரிசையில் ஒரு செயல் மட்டுமே. நாம் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டோம்.

இன்னும் நுட்பமாக ஒரு கணக்கும் அங்கே உண்டு. ஆசிரியர் சொன்னதை முழுவதும் உள்வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கிட்டும். உடன்பயில்வோரோடு பயில்வதால் இன்னொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் வரும். அம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள் என்று மேலே ஒருவர் எழுதியதைப் பவணந்தியார் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கும் அந்த நூலிலேயே ஒரு வடிவம் இருக்கிறது. காண்டிகை உரை என்பது கருத்து, பதப்பொருள் (சொற்பொருள்), காட்டு (எடுத்துக்காட்டு), வினா, விடை என்ற ஐந்தையும் கொண்டு ஒரு சூத்திரத்தின் உட்பொருளை விளக்குவது. ஒரு சட்டப்பிரிவும் சூத்திரம் போன்றதுதான். சொற்கள் சில, பொருள் பெரிது. 356-க்கு நீங்களே ஒரு காண்டிகை உரை எழுதிப் பாருங்கள். பதப்பொருள் எழுத வரும்போது ‘அல்லது வேறு வகையில்’ என்ற மூன்று சொற்களைத் தாண்டிச் செல்ல முடியாமல் நிற்பீர்கள். ஆளுநர் அறிக்கை என்று ஏற்கெனவே சொல்லிவிட்ட பிறகு இந்தச் சொற்கள் எதற்கு? இவற்றை நீக்கினால் என்ன ஆகும்? காட்டு எழுத வரும்போது 1991 தானாக வந்து அமரும். அதற்கடுத்த வினாவும் விடையும், உங்களிடம் ‘ஆராய்க’ என்று கேட்டவர்கள் எதிர்பார்த்தவையாகவே இருக்கும். ஓர் உரையாசிரியரின் கண்ணோடு படிக்கப் பழகியவருக்கு எந்தப் பக்கமும் வெறும் தகவலாகத் தெரியாது என்பது முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்ற அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது.

விடியல் நான்கு மணி

எல்லாம் சரி ஐயா, ஆனால் ஒரு சட்டப்பிரிவுக்கே இவ்வளவு நேரம் செலவழித்தால் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது? வரலாறு, புவியியல், பொருளாதாரம், அறிவியல், திறனறி என்று எல்லாம் காத்திருக்கின்றன. மேலும், முதல்நிலையைத் தாண்டாமல் முதன்மைக்கு எப்படிப் போவது? நான் இன்னும் முதல்நிலையிலேயே இருக்கிறேன்.

மாடி வாசகசாலை

நியாயமான கவலை, தம்பி. எல்லாத் தலைப்பையும் ஆறு நிலைகளிலும் படிக்க முடியாது, படிக்கவும் தேவையில்லை. முதன்மைத் தேர்வின் பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு வினாவின் இறுதியிலும் என்ன ஏவல் சொல் இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். ‘பட்டியலிடுக’, ‘குறிப்பு வரைக’ என்ற அளவிலேயே நிற்கும் தலைப்புகளுக்கு நினைவும் புரிதலும் போதும். ‘ஆராய்க’, ‘விவாதிக்க’, ‘மதிப்பிடுக’ என்று வரும் தலைப்புகள் மத்திய-மாநில உறவு, சமூகநீதி, வேளாண்மை, நீர்ப்பங்கீடு என்று குறிப்பிட்ட சில வட்டங்களில் குவியும். அவற்றுக்கு மட்டும் வாரத்துக்கு ஒன்று என்று முழு உழைப்பையும் கொடுங்கள்.

முதல்நிலைக்கும் இந்த முறை உதவும். ஒரு கொள்குறி வினாவுக்குச் சரியான விடையைத் தேர்ந்தவுடன் அடுத்ததற்கு ஓடாதீர்கள். மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு, அவற்றுள் ஒன்றைச் சரியாக்க வினாவில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வினா நான்கு வினாக்களாகும். கூற்று, காரணம் வகை வினாக்களில் ‘இரண்டும் சரி, ஆனால் காரணம் சரியான விளக்கமன்று’ என்ற விடையில் தடுமாறுபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கமலாலயக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரங்களாகச் சொன்னபடி செய்து பார்த்தேன். முதல் நாள் வெள்ளைத் தாளில் எழுதியபோது, பலமுறை படித்த 44-ஆவது திருத்தத்தின் நிபந்தனைகள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஓராண்டைத் தாண்ட வேண்டுமானால் நாட்டிலோ மாநிலத்தின் ஒரு பகுதியிலோ நெருக்கடி நிலை நடைமுறையில் இருக்க வேண்டும், தேர்தல் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் சான்றளிக்க வேண்டும் என்பதை அதன் பிறகுதான் ஒழுங்காகக் கற்றேன். அம்மாவிடம் சொன்னபோது, ‘அவங்களா ஓட்டுப் போட்டாங்க, கலைக்கிறதுக்கு?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியையே என் விடையின் முன்னுரைக்கு அடிப்படையாக வைத்துக்கொண்டேன்.

அதே வினாவுக்கு மீண்டும் எழுதிய விடையின் நடுப்பகுதியை இங்கே தருகிறேன். தயவுசெய்து கண்டிப்பாகத் திருத்துங்கள்.

‘தமிழ்நாட்டில் நான்கு முறை இப்பிரிவு பயன்படுத்தப்பட்டதில் மூன்று முறை மாநில அரசின் பெரும்பான்மை ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. 1988-இல் மட்டுமே பெரும்பான்மை கேள்விக்குரியதாக இருந்தது. அப்போதும் பொம்மை தீர்ப்பை மீறியே ஆட்சி கலைக்கப்பட்டது. அத்தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் இப்பிரிவு ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. எனவே, கூட்டாட்சியைப் பலவீனப்படுத்தும் தன்மையை நீதித்துறை முற்றிலும் நீக்கிவிட்டது எனலாம்.’

மாடி வாசகசாலை

சகோதரி, முதல் வாக்கியத்தை ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் இந்த வாக்கியம் உங்கள் மூன்று பக்கங்களில் எங்கும் இருந்திருக்காது.

மூன்றாவது வாக்கியத்தில் காலம் பிறழ்ந்துவிட்டது. 1988-இல் இல்லாத, 1994-இல் வந்த ஒரு தீர்ப்பை யாரும் மீறியிருக்க முடியாது. ‘பின்னாளில் வந்த பொம்மை தீர்ப்பின் அளவுகோலைக் கொண்டு நோக்கினால்’ என்று தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் இன்னொரு சிக்கலும் தெரியும்: 1988-இல் அவையில் வாக்கெடுப்பு நடந்தது, நடந்த விதம்தான் சர்ச்சை. அவையில் நிரூபியுங்கள் என்ற விதி, அவையே குழம்பிப்போனால் என்ன செய்யும்? அங்கே ஒரு வரி நில்லுங்கள்.

கடைசி வாக்கியம்தான் என்னை அதிகம் தடுக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு நிகழவில்லை என்பதால் தீர்ப்புதான் காரணம் என்று ஆகாது. அதே காலத்தில் மத்தியில் கூட்டணி ஆட்சிகள் வந்தன. மாநிலக் கட்சிகள் மத்திய அமைச்சரவையிலேயே அமர்ந்தன. உத்தரப் பிரதேசத்தில் ஆட்சியைக் கலைக்க 1997-இல் வந்த பரிந்துரையையும், பீகாருக்காக 1998-இல் வந்த பரிந்துரையையும் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பினார். ஆக, நீதிமன்றம், கூட்டணி அரசியல், குடியரசுத் தலைவர் என்று மூன்று கைகள் இதில் இருக்கின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்று எழுதுவதுதான் மதிப்பிடல். ‘முற்றிலும் நீக்கிவிட்டது’ என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் மறுபடி எழுதி இடுங்கள். முழு விடையும் வேண்டாம்.

கமலாலயக்கரை

இன்று மாலை நூலகத்தில் எழுதியது:

‘பின்னாளில் வந்த பொம்மை தீர்ப்பின் அளவுகோலைக் கொண்டு நோக்கினால், 1988-இல் வாக்கெடுப்பு அவையில் நடந்தது என்பது மட்டும் போதாது, அது ஒழுங்காக நடந்ததா என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது, இந்த இரண்டாவது கேள்விக்கு அத்தீர்ப்பு குறைவாகவே வழிகாட்டுகிறது. 1994-க்குப் பிறகு இப்பிரிவின் பயன்பாடு அடங்கியதற்கு நீதிமன்றக் கட்டுப்பாடு ஒரு காரணமாகும்; ஆயினும் மாநிலக் கட்சிகள் மத்திய ஆட்சியில் பங்கேற்றதும், குடியரசுத் தலைவர் இருமுறை பரிந்துரையைத் திருப்பி அனுப்பியதும் சேர்ந்தே அந்நிலையை உருவாக்கின. மத்தியில் தனிப்பெரும்பான்மை அரசு அமையும் காலங்களில் இவற்றுள் நீதிமன்றக் கட்டுப்பாடு மட்டுமே உறுதியாக எஞ்சும் என்பதால், இப்பிரிவு கூட்டாட்சியைப் பலவீனப்படுத்தும் வாய்ப்பு குறைந்துள்ளதே தவிர, நீங்கவில்லை.’

அடுத்த வாரத்துக்கு நிதி ஆணையம் பற்றிய சட்டப்பிரிவு 280-ஐ எடுத்துக்கொள்கிறேன். காண்டிகை உரை வடிவிலேயே எழுதி, பதப்பொருள் பகுதியை முதலில் இங்கே இடுகிறேன்.